நைரா டாலராகும் வரை விற்பனை முடியவில்லை

கேள்வி: கோவை கணபதியில் 22 வருடமாக சப்மெர்சிபிள், மோனோபிளாக் பம்ப் செய்கிறோம். கணவர் தவறி எட்டு வருடமாகிறது. அதன்பின் நானே பார்த்துக்கொள்கிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள், வருடத்துக்கு ஒன்பது கோடி வரை வியாபாரம். போன மாதம் ஒரு கண்காட்சியில் நைஜீரியா நாட்டு வியாபாரி ஒருவர் பழக்கமானார். லாகோஸில் கடை வைத்திருக்கிறார். பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டு, முதல் ஆர்டராக மூன்று கன்டெய்னர் கேட்கிறார். ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். 30 சதவீதம் முன்பணம், மீதி 120 நாளில். நைஜீரியா முழுக்க ஐந்து வருடத்துக்கு அவருக்கு மட்டுமே ஏஜென்சி தர வேண்டுமாம். மெக்கானிக்கல் படித்த என் மகன், இவரிடம் கொடுப்பதைவிட நாமே லாகோஸில் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்கிறான். என் அண்ணன், நைஜீரியா என்றாலே ஏமாற்று, அந்தப் பக்கமே போகாதே என்கிறார். போகலாமா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் அந்த வியாபாரியின் சட்டை, பேச்சு, பட்டறையில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. மீதி 70 சதவீதம் எந்த வழியாக உங்கள் கணக்குக்கு வரும் என்பது மட்டும் இல்லை. நைஜீரியாவைப் பொறுத்தவரை மொத்த வியாபாரமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

போகலாம். ஆனால் அவர் கேட்கிற விதத்திலும் வேண்டாம், மகன் சொல்கிற விதத்திலும் வேண்டாம். அண்ணன் பேச்சில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் சரக்குக்கு அங்கே தேவை இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். 20 கோடிக்கு மேல் ஜனம், தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு நிலம். லாகோஸில் குழாய்த் தண்ணீரை நம்பி யாரும் வீடு கட்டுவதில்லை. முதலில் போர்வெல், அப்புறம்தான் அஸ்திவாரம். கொஞ்சம் வசதியான வீடு என்றால் வளாகத்துக்குள் ஒரு போர், மேலே ஒரு டேங்க், சுவரோரம் ஒரு ஜெனரேட்டர். சப்மெர்சிபிள் பம்புக்கு அங்கே செல்லப்பெயர் ‘சுமோ’. பிளம்பர் கடைக்குப் போய் "ஒன் எச்.பி. சுமோ" என்றுதான் கேட்பார். சுவரில் நீங்கள் என்ன பிராண்ட் போர்டு மாட்டினாலும் அவருக்கு அது சுமோதான்.

ஆனால் அந்த சுமோவும் நீங்கள் கணபதியில் செய்கிற பம்பும் ஒன்றா? மகனை உட்கார வைத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நம் ஊரில் கருங்கல்லைக் குடைந்து ஆயிரம் அடிக்குப் போகிறோம். அதனால் கோவை பம்ப் என்றாலே நிறைய ஸ்டேஜ், அதிக ஹெட் (தண்ணீரை ஏற்றுகிற உயரம்), குறைந்த தண்ணீர் என்று பழகிவிட்டது. லாகோஸ் கடலோர மணல் பூமி. நம் ஊர் ஆழம் அங்கே பெரும்பாலும் தேவைப்படாது. அவர்களுக்கு வேண்டியது குறைந்த ஹெட்டில் டேங்க்கைச் சீக்கிரம் நிரப்பும் பம்ப். தண்ணீரோடு மணலும் வரும், பல இடங்களில் இரும்புச்சத்தும் அதிகம். மணல் ஏறினால் இம்பெல்லரும் புஷ்ஷும் தேய்கிற வேகத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வடக்கே கானோ, ஜோஸ் பக்கம் போனால் பாறை வருகிறது, கதையே வேறு. ஆக "நைஜீரியாவுக்கு ஒரு மாடல்" என்று ஒன்று கிடையாது.

கரண்ட் இன்னொரு சங்கதி. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் பேஸ் 230 வோல்ட்தான், மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். காகிதத்தில் அப்படித்தான். நிஜத்தில் எப்போது வரும், எத்தனை வோல்ட்டில் வரும் என்பது வேறு விஷயம். கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் "அப் நேப்பா!" என்று கத்துவார்கள். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். அந்த வாரியம் பெயர் மாறி, 2013-ல் தனியார் கைக்கும் போய்விட்டது, கத்தல் மட்டும் மாறவில்லை. மற்ற நேரமெல்லாம் ஜெனரேட்டர்தான். அதில் சின்னதாக, இரண்டு கையால் தூக்கிப் போகிற ஒரு வகை உண்டு. "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்" என்று அதற்குப் பட்டப்பெயர், பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று பெருமையடித்துக்கொள்கிற ஜெனரேட்டர். அது ஒரு கிலோவாட்டைக்கூடத் தொடாது. ஒரு எச்.பி. என்பது ஓடும்போதே 746 வாட். கிளம்பும்போது மோட்டார் இழுக்கிற கரண்ட் அதைப் போல் பல மடங்கு. அந்த ஜெனரேட்டரில் உங்கள் பம்பை மாட்டினால் ஜெனரேட்டர் ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிடும். கொஞ்சம் பெரிய ஜெனரேட்டர் என்றால் கிளம்பும், ஆனால் வோல்டேஜ் தாழ்ந்து தாழ்ந்து ஒரு மாதத்தில் காயில் போகும். வாங்கியவர் ஜெனரேட்டரைத் திட்ட மாட்டார், "இந்தியா பம்ப் சரியில்லை" என்பார்.

2023 மே 29 அன்று புதிய அதிபர் டினுபு பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்தது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் (நைரா அந்த நாட்டுப் பணம்) இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500-ஐ ஒட்டிப் போனது, அடுத்த வருடம் அதையும் தாண்டி எங்கோ போய்விட்டது. ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு டேங்க்கும் காசாகத் தெரிய ஆரம்பித்தது. சோலார் பம்ப் பேச்சு அதிகமானது அப்போதிலிருந்துதான். உங்கள் மகனுக்கு மோட்டாரில் கை இருக்கிறது என்றால், லாகோஸில் கம்பெனி திறக்கிற ஆசையைவிட அரை எச்.பி.யில் மணல் தாங்குகிற, சோலாரிலும் ஓடுகிற ஒரு பம்பை உருவாக்குகிற ஆசையை வளர்த்துவிடுங்கள். சீனாவின் வென்லிங்கிலிருந்து வருகிற மலிவு பம்புடன் விலையில் மோதினால் நீங்கள் நிற்க முடியாது. அங்கே ஊரே பம்ப் செய்கிறது. மேல்தட்டில் இத்தாலி பம்புக்கு நல்ல பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், காயில் கட்டி மறுபடி ஓட்டக்கூடிய, ஸ்பேர் கிடைக்கிற ஒரு பம்புக்குத்தான் இடம். கோவைக்காரர்களுக்கு அது தெரிந்த வேலை.

சரி, பணத்துக்கு வருவோம்.

2016 ஜனவரியில் நான் ஒரு மோட்டார் கம்பெனியில் ஏற்றுமதி பார்த்துக்கொண்டிருந்தேன். லாகோஸ் பார்ட்டி ஒருவருக்கு 90 நாள் கடனில் ஒரு கன்டெய்னர் அனுப்பினோம். நல்ல மனிதர், அதற்கு முன் நான்கு தடவை நேரத்துக்குப் பணம் கொடுத்தவர். இந்தத் தடவையும் ஏப்ரலிலேயே தன் வங்கியில் முழு நைராவையும் கட்டிவிட்டார். ரசீதை எனக்கு அனுப்பினார். அப்போது டாலருக்கு 199 நைரா. வங்கியிடம் கொடுப்பதற்கு டாலர் இல்லை. கச்சா எண்ணெய் விலை விழுந்ததால் நாட்டிலேயே டாலர் வறட்சி. வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். ஜூன் மாதம் மத்திய வங்கி நைராவின் விலையைத் தானே கட்டிப்பிடித்து வைத்திருப்பதை விட்டுவிட்டது. ஒரே நாளில் டாலர் 280 நைராவைத் தாண்டியது. வங்கி அவரைக் கூப்பிட்டு வித்தியாசத்தைக் கட்டச் சொன்னது. "நான் ஏப்ரலிலேயே கட்டிவிட்டேனே" என்று அவர், "டாலர் இன்றைக்குத்தானே வாங்குகிறோம்" என்று வங்கி. இரண்டும் நியாயம். எங்களுக்குப் பணம் வந்து சேர 14 மாதம் ஆனது, அதுவும் துண்டு துண்டாக, நாலில் ஒரு பங்கு தள்ளுபடியோடு. நடுவில் இங்கே எங்கள் வங்கி, ஏற்றுமதிப் பணம் கெடுவுக்குள் வரவில்லை என்று மாதா மாதம் கடிதம் போட்டது. அந்தக் கோப்பை இன்னும் வைத்திருக்கிறேன், கிட்டத்தட்ட ஒரு டெலிபோன் டைரக்டரி கனம்.

அந்த ஆள் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் அண்ணன் பயப்படுகிற திருடனைவிட, நைரா விழும்போது மாட்டிக்கொள்கிற நேர்மையான வியாபாரிதான் அதிகம் ஆபத்து. ஏனென்றால் திருடனிடம் நீங்கள் உஷாராக இருப்பீர்கள்.

அதே கதை 2023-ல் இன்னும் பெரிதாக நடந்தது. மே மாதம் டாலருக்கு 460 நைரா சொச்சம். ஜூன் நடுவில் மத்திய வங்கி கட்டுப்பாட்டை எடுத்ததும் அந்த மாதமே 750-ஐ எட்டியது. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. உங்கள் பம்ப் ஒன்று அங்கே போய்ச் சேர 60 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 460-ல் அது 27,600 நைரா. 1,500-ல் 90,000. கடைக்காரர் முதல் கணக்கில் விலை போட்டு, லாபம் வைத்து 35,000-க்கு விற்றுவிட்டார். கடன் கெடு வருவதற்குள் நைரா சரிந்தால், விற்ற பணத்தில் பாதி பம்புக்குக்கூட டாலர் வாங்க முடியாது. அவர் என்ன செய்வார்? போனை எடுக்காமல் இருப்பார். பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளே அந்தக் காலத்தில் நைஜீரியாவில் உற்பத்தியை மூடிக்கொண்டு கிளம்பின. ஓசூரிலிருந்தும் புனேயிலிருந்தும் போகிற நம் பைக் ஏற்றுமதியே தடுமாறியது. அதன்பிறகு நிலைமை சற்று தேவலை, டாலர் கிடைக்கிறது. இருந்தாலும் 120 நாள் என்பது அந்த ஊரில் ஒரு யுகம்.

அதுவும் எந்தத் தேதியிலிருந்து 120 நாள்? கப்பல் ஏறிய தேதியா, சரக்கு கைக்குக் கிடைத்த தேதியா? கொச்சியிலோ தூத்துக்குடியிலோ ஏற்றி, வழியில் கப்பல் மாறி, லாகோஸ் அபாபா துறைமுகம் போக ஒன்றரை மாதம், சில சமயம் இரண்டு. அங்கே நெரிசலில் இறங்கி, சுங்கம் முடிந்து வெளியே வர இன்னும் சில வாரம். 2023-ல் லெக்கியில் புது ஆழ்கடல் துறைமுகம் திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான். ‘டெலிவரியிலிருந்து 120 நாள்’ என்று அவர் நினைத்திருந்தால் உங்களுக்கு அது ஏழு மாதம். 70,000 டாலர், ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய், ஏழு மாதம் வெளியே. வட்டி 11 சதவீதம் என்றால் மாதம் 55,000 ரூபாய் கையை விட்டுப் போகும். பவுண்டரிக்காரரும் செம்புக் கம்பிக்காரரும் ஏழு மாதம் பொறுப்பார்களா? ஒன்பது கோடி வியாபாரத்தில் 60 லட்சம் ஒரே இடத்தில் நின்றால் முதலில் தடுமாறுவது சனிக்கிழமைச் சம்பளம்.

அதனால் முதல் தடவை ஒரே ஒரு கன்டெய்னர். மூன்று வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக, மீதிக்கு எல்.சி. எல்.சி. என்றால், சரக்கு அனுப்பிய காகிதங்களைக் காட்டினால் பணம் தருகிறோம் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கிற உறுதிக் கடிதம். அதிலும் ‘கன்ஃபர்ம்டு’ எல்.சி., அதாவது லாகோஸ் வங்கி திறந்த எல்.சி.க்கு வேறு நாட்டிலுள்ள ஒரு நல்ல வங்கி பொறுப்பேற்றிருக்க வேண்டும். வெறும் லாகோஸ் எல்.சி.யின் மதிப்பு அந்த வங்கியிடம் அன்றைக்கு இருக்கிற டாலரின் மதிப்புதான். கன்ஃபர்மேஷன் கட்டணம் கொஞ்சம் கசக்கும். அதை விலையில் ஏற்றுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கன்ஃபர்ம்டு எல்.சி. கிடைக்கவே இல்லை என்றால், கப்பல் ஏறுவதற்கு முன் முழுப் பணம். கடன் என்கிற பேச்சு மூன்றாவது நான்காவது கன்டெய்னரில் வரட்டும், அப்போதும் இ.சி.ஜி.சி. என்கிற ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எடுத்த பிறகு. 1957-லிருந்து மத்திய அரசு நடத்துகிற நிறுவனம் அது. வாங்குகிறவர் கைவிரித்தால் மட்டுமல்ல, அவர் நைராவைக் கட்டியும் அந்த நாட்டிலிருந்து டாலர் வெளியே வர முடியாமல் நின்றாலும் இழப்பில் பெரும்பங்கைத் தருவார்கள். எனக்கு 2016-ல் நடந்தது இந்த இரண்டாவது வகை. பாலிசி எடுக்காமல் மிச்சம் பிடித்த பிரீமியம் எவ்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள். எந்த நாட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு காப்பு என்று அவர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள், கோவைக் கிளையில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அவர்களே வாங்குபவரைப் பற்றி விசாரித்து, இவ்வளவு வரைக்கும் கடன் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பும் சொல்வார்கள்.

"பில்லை பேங்க் வழியாக அனுப்புகிறோம், பணம் கட்டினால்தான் ஒரிஜினல் கிடைக்கும், அப்புறம் என்ன பயம்" என்று சிலர் சொல்லுவார்கள். மற்ற நாடுகளுக்குச் சரி. நைஜீரியாவில் இறக்குமதி செய்கிறவர் முதலில் தன் வங்கி மூலம் ‘ஃபார்ம் எம்’ என்ற இறக்குமதிப் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். சரக்கு அவர் பெயரோடு கட்டிப்போட்ட மாதிரி. அபாபாவில் கன்டெய்னர் நின்று, அவர் பணம் கட்ட மறுத்தால், அதை வேறு ஒருவருக்குத் திருப்பி விடுவதோ கோவைக்குத் திரும்பக் கொண்டுவருவதோ லேசில் நடக்காது. தினமும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். பத்தாவது நாள் அவர் போன் செய்து, "முப்பது சதவீதம் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

அதே காரணத்துக்காக, ஃபார்ம் எம் எண் கைக்கு வராமல் ஒரு பெட்டிகூட லாரியில் ஏறக் கூடாது. இன்வாய்ஸிலும் பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும். அந்த ஃபார்மில் ‘வேலிட் ஃபார் ஃபாரெக்ஸ்’, ‘நாட் வேலிட் ஃபார் ஃபாரெக்ஸ்’ என்று இரண்டு வகை. முதலாவது என்றால் வங்கி மூலம் அதிகாரபூர்வமாக டாலர் வாங்கி அனுப்புவார். இரண்டாவது என்றால் டாலரை அவரே எங்கிருந்தோ புரட்ட வேண்டும். எது என்று கேட்டாலே அவர் எந்த மாதிரி வியாபாரி என்பது பாதி தெரிந்துவிடும். பிறகு ‘சோன்கேப்’ தரச் சான்று. பம்புக்கு ஒரு தடவை பரிசோதனை அறிக்கையின் பேரில் பொருள் சான்று, அதன்பின் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சான்று. எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக், கோடெக்னா மாதிரி நிறுவனங்கள் இதைச் செய்து தருகின்றன. பொருள் சான்றை உங்கள் பெயரில் வாங்குங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் பெயரில் எடுக்க விடாதீர்கள், நாளைக்கு வேறு ஆளுக்கு விற்க நினைத்தால் முட்டும். விலை சொல்லும்போது இன்சூரன்ஸையும் சேர்த்து சி.ஐ.எஃப். என்று சொல்லிவிடாதீர்கள். இறக்குமதிச் சரக்கை அந்த நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் காப்பீடு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். கப்பல் கூலி வரை சேர்த்து சி அண்ட் எஃப். போதும்.

அவர் சீக்கிரமே உங்களிடம் இன்னொன்று கேட்பார். கேட்கவில்லை என்றால் எனக்கு ஆச்சரியம். "இன்வாய்ஸில் பாதி விலை போடுங்கள், மீதியை துபாயிலிருந்து ஒரு நண்பர் அனுப்புவார்." சுங்கவரியும் அதன்மேல் 7.5 சதவீத வாட் வரியும் குறைப்பதற்காக. அந்தச் சந்தையில் இதைத் தப்பு என்றே பலர் நினைப்பதில்லை. உங்களுக்கு அது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டச் சிக்கல், ஜி.எஸ்.டி. சிக்கல், இ.சி.ஜி.சி. காப்பும் அரை விலைக்குத்தான். யாரென்றே தெரியாத துபாய் கணக்கிலிருந்து பணம் வந்தால் உங்கள் வங்கி மேலாளர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டே, "எங்கள் ஆடிட்டர் விடமாட்டார்" என்று சொல்லிவிடுங்கள். உலகம் முழுக்க எடுபடுகிற பதில் அது.

ஏஜென்சி விஷயம். ஐந்து வருடம், நாடு முழுக்க, அவருக்கு மட்டும் என்பது மிக அதிகம். அந்த நாட்டில் லாகோஸ் வியாபாரம் ஒரு உலகம், கிழக்கே ஒனிட்சா சந்தை ஒரு உலகம், வடக்கே கானோ இன்னொன்று. யோருபா, இக்போ, ஹௌசா என்று பாஷையே வேறு. லாகோஸ் ஓரிலே சந்தையில் பிளம்பிங் சாமான் விற்கிற ஒருவருக்குக் கானோவில் கடன் வசூல் செய்ய ஆள் இருக்காது. லாகோஸ் மாநிலத்துக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு, இத்தனை பம்ப் எடுத்தால் அடுத்த வருடம் தொடரும் என்று எழுதிக் கொடுங்கள். எடுக்காவிட்டால் தானாக முடிந்துவிட வேண்டும்.

உங்கள் பிராண்ட் பெயரை அந்த வியாபாரி அங்கே பதிவு செய்துவிட்டாரா என்று இப்போதே பாருங்கள். சென்னையில் நீங்கள் எடுத்த டிரேட்மார்க் அந்த நாட்டுத் தலைநகர் அபுஜாவில் செல்லாது. ஏஜென்ட் தன் பெயரில் உங்கள் பிராண்டைப் பதிவு செய்துகொண்டு, அடுத்த வருடம் அதே பெயரில் வேறு எங்கிருந்தோ பம்ப் இறக்குவது பழைய வித்தை. முதல் கன்டெய்னர் கிளம்பும் முன்பே, டிரேட்மார்க் பட்டியலில் பம்ப் வருகிற ஏழாம் வகுப்பில், உங்கள் கம்பெனி பெயரில் விண்ணப்பம் போய்விட வேண்டும்.

லாகோஸ் சந்தைகளில் நிறையப் பேர் இக்போ இனத்து வியாபாரிகள். சிறு பையனாக ஒரு முதலாளியிடம் வந்து சேர்ந்து, வருடக்கணக்கில் கூடவே இருந்து தொழில் பழகி, கடைசியில் முதலாளி கொடுக்கிற முதலோடு தனிக்கடை போடுவது அவர்கள் வழக்கம். நம் செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலே வந்த கதைதான். அதனால் உங்கள் வியாபாரியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவருடைய வங்கிக் கடிதத்தைவிட, அவர் யாரிடம் தொழில் பழகினார், அவரிடமிருந்து யார் பிரிந்து கடை போட்டார்கள் என்று கேளுங்கள். சந்தையில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி நிஜமா என்பதை நைஜீரியக் கம்பெனிப் பதிவகமான சி.ஏ.சி.யின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. அண்ணன் பேச்சில் எடுத்துக்கொள்ளச் சொன்ன பாதி இதுதான்: சரிபார்க்காமல் நம்பாதீர்கள். அபுஜாவில் அரசு டெண்டர், கோடிக்கணக்கில் ஆர்டர், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று எப்போதாவது மின்னஞ்சல் வந்தால், அது அண்ணன் சொன்ன ஆள், அப்படியே அழித்துவிடுங்கள். மற்றபடி ஒரு நாட்டையே திருடன் என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு. கோவையில் கடன் வாங்கிவிட்டுக் காணாமல் போனவர்கள் பட்டியல் உங்களிடமும் இருக்கும்தானே?

மகனுக்கு ஒரு வார்த்தை. லாகோஸில் கம்பெனி திறப்பது கௌரவமாகத்தான் இருக்கும். வெளிநாட்டார் பங்கு உள்ள கம்பெனிக்கு அங்கே குறைந்தது 10 கோடி நைரா பங்கு மூலதனம் காட்ட வேண்டும். தொழில் அனுமதி, இந்தியர் ஒருவர் போய் வேலை பார்க்க ஒதுக்கீடு, இங்கே ரிசர்வ் வங்கி விதிகள் என்று வரிசையாக இருக்கிறது. கொண்டுபோகிற பணத்துக்கு அங்குள்ள வங்கியிடம் ‘மூலதன வரவுச் சான்று’ வாங்காவிட்டால், சம்பாதித்ததைத் திருப்பிக் கொண்டுவர அதிகாரபூர்வ வழியே அடைபடும். பர்மாவில் நம்மவர்கள் சேர்த்த நிலமும் வீடும் என்ன ஆயிற்று என்று காரைக்குடிப் பக்கம் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். போகிற பணத்துக்கு வழி எப்போதும் அகலம். நாலு கன்டெய்னர் விற்று, பணம் நாலு தடவையும் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம்.

அதற்குள் உங்கள் மகன் செய்ய வேண்டியது, மூன்று வாரம் லாகோஸில் போய் இருப்பது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அந்தச் சான்றிதழை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளட்டும், அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். அங்கே போய் ஓட்டல் அறையில் மீட்டிங் போடாமல், மோட்டார் காயில் கட்டுகிற கடைகளில் உட்கார வேண்டும். எந்த பம்ப் எதனால் எரிந்து வருகிறது, கபாசிட்டரா, சீலா, மணலா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். நம் நாட்டு பைக்கும் மூன்று சக்கர வண்டியும் அந்த ஊர்த் தெருக்களில் இடம் பிடித்ததற்கு, தெரு மெக்கானிக்குக்கு அது பிடிபட்டதும் ஸ்பேர் மூலைக்கு மூலை கிடைத்ததும் பெரிய காரணம். உங்கள் முதல் கன்டெய்னரில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடம் ஸ்பேருக்கு ஒதுக்குங்கள். சீல், புஷ், கபாசிட்டர், இம்பெல்லர், கூடவே வைண்டிங் விவரம் அச்சடித்த அட்டை. எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். போட்டிக்காரன் காப்பியடிப்பான் என்று சிலர் அதை மறைப்பார்கள். எரிந்த மோட்டாரைப் பிரித்து எண்ணத் தெரிந்தவனுக்கு அது ரகசியமே இல்லை.

அந்த வியாபாரிக்கு இன்றைக்கே பதில் போட வேண்டியதில்லை. முதலில் கணபதியிலேயே ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு சட்டி ஆற்று மணலைப் போட்டு, உங்கள் ஒரு எச்.பி. பம்பையும் அரை எச்.பி.யையும் அதில் மாட்டி, வோல்டேஜை 170-க்கு இறக்கி எட்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மாலையில் பிரித்து, புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேஜ் வைத்து அளந்து எனக்கு எழுதுங்கள். எந்த மாடல், என்ன விலை, ஒரு கன்டெய்னரில் எத்தனை என்பதை அந்த அளவை வைத்துப் பேசலாம்.